கடைசி வரிசை மனிதர்

போன மாதம் ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது. அதெல்லாம் சகஜம். ஆனால், வேறு என்னவோ ஒன்று வீட்டைவிட்டு வெளியேறிய மாதிரி இருந்தது. இரண்டு நிமிஷம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. ஃப்ரிட்ஜ்! பதினோரு வருஷமாக 'ம்ம்ம்...' என்று ஓடிக்கொண்டிருக்கிற அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. நின்றபோதுதான் கேட்டேன்.

ஜாஸ் இசைக் குழுவில் டபுள் பேஸ் வாசிக்கிறவர் கிட்டத்தட்ட அந்த ஃப்ரிட்ஜ். ஆறடி உயரம், நாலு தந்தி. வயலினுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு வாத்தியம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பார். முன்னால் சாக்ஸபோன்காரர் கண்ணை மூடி, நெற்றி நரம்பு புடைக்க ஊதிக் கைதட்டல் வாங்குவார். பின்னால் இவர் 'தும்... தும்... தும்...' மேடையை விட்டு இவர் இறங்கிவிட்டால்தான் "என்னமோ குறையுதே" என்று தோன்றும்.

ஆபீஸில் உங்களுக்கும் இந்த உத்தியோகம்தான் என்றால், மேலே படியுங்கள். இந்த வார நாயகர் சார்லி ஹேடன்.

ஐ.டி. கம்பெனியில் இருக்கிற என் அக்கா பையன் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். நான் ஹேடன் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, "மாமா, எல்லாரும் ஏதோ பண்றாங்க. இந்தாளு என்னதான் பண்றாரு?" என்றான்.

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

*

ஹேடன் பிறந்தது 1937 ஆகஸ்ட் 6. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஷெனண்டோவா என்கிற சின்ன ஊர். வளர்ந்தது பெரும்பாலும் மிசௌரியில், ஸ்ப்ரிங்ஃபீல்டில். குடும்பமே கிராமியப் பாட்டுக்காரர்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லோரும் சேர்ந்து ரேடியோவில் பாடுவதுதான் பிழைப்பு. ஒருநாள் அம்மா கைக்குழந்தையைத் தூங்கவைக்க முணுமுணுத்தபோது, குழந்தை தூங்காமல் கூடவே சேர்ந்து சுருதி பிசகாமல் இழுத்திருக்கிறது. அப்புறம் விடுவார்களா? இருபத்திரண்டு மாதத்தில் மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். 'கவ்பாய் சார்லி' என்று பெயர் வேறு!

(நம் வீட்டில் அந்த வயதுக் குழந்தையை 'மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு' என்றால் மூக்கை நோண்டும்.)

பதினைந்து வயது வரை பாடிக்கொண்டிருந்தான் பையன். அப்போது போலியோ வந்தது. பொதுவாகப் போலியோ என்றால் காலைத்தான் நினைப்போம். இவனுக்கு வந்தது முகத்தையும் தொண்டையையும் தாக்குகிற வகை. உயிர் பிழைத்தான், நடமாடினான், பேசினான். குரலைப் பாட்டுக்கு வேண்டியபடி பிடித்து நிறுத்துவது மட்டும் முடியவில்லை. பாட்டு போச்சு.

பேசத் தெரிவதற்கு முன்னாலேயே பாடத் தெரிந்த ஒரு பையனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வான்? வீட்டு மூலையில் அண்ணன் ஜிம்மின் டபுள் பேஸ் சாத்திவைத்திருந்தது. அதை எடுத்தான். அதற்கு முன்பே, 1951-இல், ஒமாஹா நகரில் சார்லி பார்க்கரின் சாக்ஸபோனை நேரில் கேட்டு ஜாஸ் பைத்தியம் பிடித்திருந்தது வேறு விஷயம். பாட முடியாததை எல்லாம் இனி இந்தப் பெட்டியில்தான் பாடவேண்டும்.

உள்ளூரில் 'ஓஸார்க் ஜூபிலி' என்ற டி.வி. நிகழ்ச்சியில் பேஸ் வாசித்தான். ஒரு ஷூ கடையில் சேல்ஸ்மேனாக வேலை பார்த்தான். ஊரார் காலையெல்லாம் அளவெடுத்துச் சேர்த்த காசில் 1957-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு பஸ் ஏறினான். ஓபர்லின் என்கிற பெரிய கல்லூரி ஸ்காலர்ஷிப்போடு கூப்பிட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அங்கே ஜாஸ் சொல்லித்தரவில்லையாம்! இந்த மாதிரிப் பையனைப் பெற்ற அம்மாக்களின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன்.

இனி 'ர்' போட்டு எழுதுகிறேன். வேலைக்குப் போய்விட்டார் அல்லவா!

*

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருநாள் இரவு ஒரு கிளப். இது ஹேடனே பலமுறை சொன்ன கதை. கூட்டத்திலிருந்து ஒருவர் வெள்ளை நிற பிளாஸ்டிக் சாக்ஸபோனோடு மேடையேறினார். (நிஜமாகவே பிளாஸ்டிக்தான். பித்தளைக்குக் காசில்லை.) நாலு வரி வாசித்திருப்பார், ஹேடனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மேடையில் இருந்தவர்களுக்கோ வேறு மாதிரி சிலிர்த்தது. "போதும்யா, இறங்கு" என்று இறக்கிவிட்டுவிட்டார்கள். ஹேடன் பின்பக்கமாக ஓடிப் பார்த்தார். ஆள் இருட்டில் போயே போய்விட்டார்.

அவர்தான் ஆர்னெட் கோல்மன். பிறகு ஒரு நண்பர் மூலம் சந்திப்பு நடந்தது. கோல்மன் தன் அறைக்கு அழைத்துப்போனார். தரையெல்லாம் எழுதிப்போட்ட இசைத்தாள்கள். கால் வைக்க இடமில்லை. அதில் ஒன்றைப் பொறுக்கி, "இதை வாசிக்கலாம்" என்று ஆரம்பித்தவர்கள் ஒரு பகல் முழுக்க நிறுத்தவில்லை.

கோல்மன் என்ன புதுசாகச் செய்தார் என்பதை என் அக்கா பையனுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். அதுவரை ஜாஸில் ஒரு பாட்டென்றால் அதற்கு இன்னின்ன கார்டுகள், இத்தனை தாளத்துக்கு ஒருமுறை மாறவேண்டும் என்று ரயில்வே டைம்டேபிள் மாதிரி ஒன்று உண்டு. சாக்ஸபோன் எங்கே சுற்றினாலும் அந்த ஸ்டேஷனுக்கு அந்த நேரத்துக்கு வந்து சேரவேண்டும். பேஸ்காரர்தான் ஸ்டேஷன் மாஸ்டர். கோல்மன் டைம்டேபிளைக் கிழித்துப்போட்டுவிட்டார். மெட்டு எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே போவேன் என்றார்.

சரி, ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்வார்? பெரும்பாலான பேஸ்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஹேடன் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டார். கோல்மன் அடுத்து எங்கே திரும்பப்போகிறார் என்று கேட்டுக்கொண்டே, அவர் கால் வைப்பதற்குள் அந்த இடத்தில் தரை போட்டுவிடுவார். நம் தம்பூரா ஒரே இடத்தில் நின்று சுருதி கொடுக்கும். இங்கே பாடகர் நடக்க நடக்க, சுருதியும் கூடவே நடக்கிறது.

"ஓ... அப்ப இவர்தான் ரோடு போடறாரா?" என்றான் பையன்.

ஐ.டி. என்றாலும் புத்திசாலி.

1958-இல் ஹில்க்ரெஸ்ட் கிளப்பில், பியானோக்காரர் பால் ப்ளே குழுவில் எல்லோரும் சேர்ந்து இந்தப் புது இசையை வாசித்தார்கள். வரவேற்பு எப்படி? ப்ளே பிற்பாடு சொன்னது: ரோட்டில் போகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடுமாம். ஜனங்கள் கையில் கிளாஸோடு வாசலில் நின்றால் உள்ளே கச்சேரி நடக்கிறது. எல்லோரும் உள்ளே இருந்தால் இடைவேளை!

அப்புறம் 1959. 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' என்கிற ஆல்பம். கோல்மன், ட்ரம்பெட்டில் டான் செர்ரி, டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ், பேஸ் ஹேடன். பியானோ கிடையாது. முதல் பாட்டு 'லோன்லி உமன்'. அதன் ஆரம்பத்தில் டிரம்ஸ் ஓடுகிற ஓட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், ஹேடன் மெதுவாக, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி மீட்டுவார். ஓட்டமும் நடையும் எப்படி ஒன்றாகப் போகின்றன என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

நவம்பரில் நியூயார்க். 'ஃபைவ் ஸ்பாட்' கிளப். ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. முதல் நாள் ஹேடன் வாசிக்க ஆரம்பித்துத் தலையை நிமிர்த்தினால், எதிரே பார் ஓரத்தில் சார்லஸ் மிங்கஸ், பால் சேம்பர்ஸ், பெர்ஸி ஹீத் என்று ஊரிலிருக்கிற மகா பேஸ் வித்வான்கள் எல்லோரும் வரிசையாக நின்று இவர் விரலையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். 22 வயசு. அன்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பது வழக்கமாகிவிட்டது என்பார். இன்னொரு நாள் அப்படி மூடியிருந்த கண்ணைத் திறந்தால், யாரோ ஒருவர் மேடையேறி வந்து பேஸின் மேல் காதை வைத்துக் குனிந்திருக்கிறார். "யாருப்பா இந்த ஆளு? இறங்கச் சொல்லு" என்று கோல்மனிடம் சொல்ல, வந்தவர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர்.

*

இங்கே ஒரு பள்ளம். ஹெராயின். அந்தக் காலத்து ஜாஸ்காரர்கள் பாதிப்பேரைத் தின்ற அந்தச் சனியன் இவரையும் பிடித்தது. கோல்மன் குழுவை விட்டு விலகவேண்டி வந்தது. மீண்டுவர சில வருஷம் பிடித்தது. சினனான் என்ற மறுவாழ்வு இல்லத்தில் இருந்து தெளிந்து வந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஸ்காட் லஃபாரோ, மின்னல் வேக பேஸ்காரர், 1961-இல் 25 வயதில் கார் விபத்தில் போய்விட்டார். 1960 டிசம்பரில் பதிவான கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் லஃபாரோ மேலே மேலே பறக்கிறார். இன்னொரு பக்கம் ஹேடன் கீழே கீழே தோண்டுகிறார். கேட்டால் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

திரும்பி வந்த பிறகு யாரோடுதான் வாசிக்கவில்லை! கீத் ஜாரெட்டின் குழுவில் பல வருஷம். 1966-இல் கோல்மன் தன் பத்து வயசுப் பிள்ளை டெனார்டோவை டிரம்ஸில் உட்காரவைத்து ஒரு ஆல்பம் போட்டாரே, அதற்கும் பேஸ் இவர்தான். (முதலாளி பையனோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.)

நமக்குப் பக்கத்திலும் ஒருமுறை வந்து போயிருக்கிறார், தெரியுமோ? ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-இல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அந்தத் தலைப்பில் இருப்பவர் நம் கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969-இல் வுட்ஸ்டாக் திருவிழாவைப் பேசித் தொடங்கிவைத்தாரே, அவரேதான். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஐஸிஸ் அண்ட் ஒஸைரிஸ்'. நியூயார்க்கில் மேடையில் பதிவானது. அதில் பேஸ் ஹேடன். அதே பாட்டில் ஊத் வாத்தியம் வாசிப்பவர் பெயர் விஷ்ணு வுட். பெயரைப் பார்த்து ஊர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அமெரிக்கர்தான்.

*

இப்போது லிஸ்பன் விவகாரம். இதற்காகத்தான் இந்த வாரக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

1969-இல் ஹேடன் சொந்தமாக ஒரு குழு ஆரம்பித்தார். 'லிபரேஷன் மியூஸிக் ஆர்கெஸ்ட்ரா'. வியட்நாம் போர் அவரைத் தூங்கவிடவில்லை. கார்லா ப்ளே இசையமைப்பை ஒழுங்குபடுத்தித் தர, ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ப் பாடல்களையெல்லாம் எடுத்து வாசித்தார்கள். அதில் ஹேடன் எழுதிய ஒன்று 'சாங் ஃபார் சே'. சே குவேராவுக்காக.

1971 நவம்பர் 20. கோல்மன் குழு போர்ச்சுகலில், லிஸ்பனுக்குப் பக்கத்தில் கஷ்காய்ஷ் என்ற ஊரில் ஜாஸ் விழாவில் வாசிக்கவேண்டும். அப்போது போர்ச்சுகலில் சர்வாதிகாரம். அங்கோலா, மொஸாம்பிக், கினி பிஸாவ் என்று ஆப்பிரிக்காவில் மூன்று காலனிகளில் விடுதலை கேட்பவர்களோடு போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஹேடன் கோல்மனிடம், "நான் அந்த ஊரில் வாசிக்க விரும்பவில்லை" என்றார். ஒப்பந்தம் போட்டாயிற்று, ஒன்றும் செய்வதற்கில்லை. "அப்படியானால் என் பாட்டை வாசிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்" என்றார். சரி என்றார் கோல்மன்.

மேடையில் மைக்கைப் பிடித்து, இந்தப் பாட்டை மொஸாம்பிக், அங்கோலா, கினி கறுப்பின மக்களின் விடுதலை இயக்கங்களுக்குச் சமர்ப்பிக்கிறேன் என்றார். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் இருந்த கூட்டம், பாதிக்குமேல் மாணவர்கள், எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. வருஷக்கணக்கில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை வெளியூர்க்காரர் ஒருவர் மைக்கில் சொல்லிவிட்டார்! பாட்டு காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

மறுநாள் விமான நிலையம். மற்றவர்கள் உள்ளே போக, இவரை மட்டும் "கொஞ்சம் வாங்க" என்று ஓரங்கட்டினார்கள். ரகசியப் போலீஸ். அந்த நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே குரல் தாழும். தலைமையகத்துக்குக் கொண்டுபோய் மணிக்கணக்கில் விசாரணை. அவருடைய மனைவிக்கு ஒரே பிரசவத்தில் மூன்று பெண் குழந்தைகள் பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் மூத்த பையனையும் சேர்த்து நாலு. எந்த ஊர் இருட்டறையில் இருக்கிறோம் என்பதே வீட்டுக்குத் தெரியாது.

நானாக இருந்தால்? ஆபீஸ் மீட்டிங்கில் மேலதிகாரி தப்பாகச் சொன்ன கணக்கைத் திருத்துவதற்கே எச்சில் விழுங்குகிறவன் நான். அதுவும் திருத்தியதில்லை. வெளியே வந்து காபி மெஷின் பக்கத்தில் நின்று வீராவேசமாகப் பேசியதுண்டு.

கடைசியில் அமெரிக்கத் தூதரக அதிகாரி வந்து மீட்டுக்கொண்டு போனார். ஊருக்குத் திரும்பியபிறகு எஃப்.பி.ஐ. வீட்டுக் கதவைத் தட்டி, அவர்களும் தங்கள் பங்குக்கு விசாரித்தார்கள்.

1974 ஏப்ரல் 25-இல் போர்ச்சுகலில் சர்வாதிகாரம் கவிழ்ந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த 'க்ளோஸ்நெஸ்' ஆல்பத்தில், டிரம்ஸ்காரர் பால் மோஷியனோடு சேர்ந்து 'ஃபார் எ ஃப்ரீ போர்ச்சுகல்' என்று ஒரு பாட்டு வாசித்தார் ஹேடன்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 1990-இல் ஹேடன் ஒரு போர்ச்சுகீசிய கிடார் மேதையோடு, இரண்டே பேராக, 'டயலாக்ஸ்' என்று ஒரு ஆல்பம் செய்தார். அவர் பெயர் கார்லோஸ் பரேதஸ். அவரும் அதே ரகசியப் போலீஸின் விருந்தாளி. கம்யூனிஸ்ட் என்று 1958-இல் பிடித்து, சுமார் ஒன்றரை வருஷம் உள்ளே வைத்தார்கள். ஜெயிலில் கிடார் ஏது? கொட்டடியில் நடந்துகொண்டே காற்றில் விரலை அசைத்து அசைத்து மனசுக்குள் இசையமைப்பாராம். கூட இருந்தவர்கள் பாவம், பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள் என்று சொல்வார்கள். இவரும் ஹேடனும் எதிரெதிரே உட்கார்ந்து வாசிப்பதைக் கேட்கும்போது, அதில் அரசியல் கோஷம் எதுவும் கிடையாது. ரிடையரான இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலத்தான் இருக்கிறது.

*

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1982-இல் கலிஃபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் ஜாஸ் பாடப்பிரிவைத் தொடங்கினார். காதில் சதா இரைச்சல் கேட்கிற வியாதி வந்து, மேடையில் டிரம்ஸுக்கும் தனக்கும் நடுவே கண்ணாடிபோல ஒரு தடுப்பு வைத்துக்கொண்டு வாசித்தார். 1997-இல் கிடார்காரர் பாட் மெத்தீனியோடு செய்த 'பியாண்ட் த மிசௌரி ஸ்கை'க்கு கிராமி கிடைத்தது. அதில் ஒரு பாட்டு மகன் ஜாஷ் எழுதியது. கிராமிய இசைச் சக்கரவர்த்தி ஜானி கேஷும் முந்தின வருஷம் அதைப் பாடியிருந்தார். பையனால் அப்பாவுக்குப் பெருமை!

ஒரு குட்டிக் கதையை மட்டும் விடமுடியாது. 1959-இல் பதிவான கோல்மனின் 'ராம்ப்ளின்' பாட்டில் ஹேடன் தனியாக வாசிக்கிற இடத்தில், சின்ன வயதில் கேட்ட 'ஓல்ட் ஜோ கிளார்க்' என்ற கிராமிய மெட்டை நைசாக நுழைத்திருப்பார். அதே துண்டை 1977-இல் இங்கிலாந்து ராக் பாடகர் இயன் டூரி எடுத்துத் தன் பிரபலமான பாட்டொன்றுக்கு அடித்தளமாக வைத்துக்கொண்டார். சுட்டதிலிருந்து சுட்டது. நம் சினிமாக்காரர்கள் ஆறுதலடையலாம். 2008-இல் ஹேடன் குடும்பத்தோடு 'ராம்ப்ளிங் பாய்' என்று ஆல்பம் செய்தபோது, அதே 'ஓல்ட் ஜோ கிளார்க்'கைப் பாடியவர் யார் தெரியுமா? ஹாலிவுட் காமெடி நடிகர் ஜாக் பிளாக். லிஸ்பன் சமயத்தில் பிறந்த மூன்று பெண்களில் ஒருவரான தான்யாவின் கணவர். ஹேடனின் மாப்பிள்ளை!

அந்த 'ராம்ப்ளிங் பாய்'க்குத்தான் வருகிறேன். அதில் 1939-ஆம் வருஷ ரேடியோ பதிவு ஒன்றைத் தேடிப்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அப்பா அறிமுகப்படுத்த, இரண்டு வயசு 'கவ்பாய் சார்லி' பாடுகிறது. பிறகு பெண்கள், பிள்ளை, மாப்பிள்ளை எல்லோரும் பாடி முடித்ததும், கடைசியில் 71 வயசு ஹேடன் தானே பாடுகிறார். பிறந்த ஊரின் பெயர் கொண்ட பழைய பாட்டு, 'ஓ ஷெனண்டோவா'. அதற்கு முன் 1999-இல் ஒரு ஆல்பத்தில் துணிந்து ஒருமுறை பாடிப் பார்த்திருந்தார். போலியோ விட்டுவைத்த மிச்சக் குரல். மெலிசாக, நடுங்கிக்கொண்டு, ஆனால் சுருதியில் நிற்கிறது.

அந்தப் போலியோ அவரை முழுசாக விடவில்லை. வயதான காலத்தில் அதன் பின்விளைவுகள் திரும்பிவந்து உடம்பை வாட்டின. கீத் ஜாரெட்டோடு 2007-இல் அவர் வீட்டு ஸ்டுடியோவில் வாசித்தவை 'ஜாஸ்மின்' என்று 2010-இலும், 'லாஸ்ட் டான்ஸ்' என்று 2014 ஜூனிலும் வெளிவந்தன. 2014 ஜூலை 11-இல் காலமானார். 76 வயது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபுள் பேஸின் அடித்தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அதைச் சொல்கிற அளவுக்கு அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு வாய் பெரிசில்லை. சாக்ஸபோன் கேட்கும், இவர் இருக்கவே மாட்டார். நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம், 'ஜாஸ்மின்' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். 'லோன்லி உமன்' எல்லாம் ஒரு மாதம் கழித்து.

அக்கா பையனிடம் என் ஹெட்போனைக் கொடுத்து, அந்தக் குழந்தைப் பாட்டையும் கிழவர் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மாமா, அந்த லிஸ்பன் பாட்டு எது? அதைப் போடுங்க" என்றான். பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.

ஹெட்போன் இன்னும் திரும்பி வரவில்லை.